பணக்காரரிடம் வரி கேட்டால் அது சோஷலிசமா? – வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், பெரும் சொத்து ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்போது அரசு அதில் ஒரு பங்கு கேட்பது நியாயம்தான் என்று இந்தப் பகுதியில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாராட்டு கொஞ்சம், திட்டு நிறைய, கேள்வி அதைவிட நிறைய. அதனால் இந்த இதழில் முழுக்க இந்த விஷயம்தான்.

எங்கள் கல்லூரியில் அடுத்த மாதம் பட்டிமன்றம். ‘நாட்டுக்கு நல்லது சோஷலிசமா, முதலாளித்துவமா’ என்பது தலைப்பு. நான் எந்த அணியில் பேசலாம் ஐயா?
– மாணவர், திருநெல்வேலி

எந்த அணியில் பேசினாலும் சரி தம்பி, முதலில் அந்த இரண்டு பெயர்களையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் சீனாவில் வாரிசு வரி கிடையாது. முதலாளித்துவ நாடு என்று நாம் சொல்லும் ஜப்பானில் வாரிசுச் சொத்துக்கு உச்ச வரி 55 சதவீதம், தென் கொரியாவில் 50, அமெரிக்காவில் மிகப் பெரிய சொத்துகளுக்கு மட்டும் 40. ஸ்வீடனைப் பலரும் சோஷலிச நாடு என்கிறார்கள். அங்கே 2004 கடைசியில் வாரிசு வரியை எடுத்துவிட்டார்கள், 2007-ல் செல்வ வரியையும், அதாவது ஒருவர் வைத்திருக்கும் மொத்தச் சொத்தின் மேல் வருடா வருடம் விழும் வரியையும், எடுத்துவிட்டார்கள். அங்கே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நன்றாக நடப்பதற்குக் காரணம், சாதாரண சம்பளக்காரர் உட்பட எல்லோரும் கனமாக வரி கட்டுவதுதான், கடையில் வாங்கும் பெரும்பாலான பொருளுக்கு 25 சதவீதம் வாட் வரி.

நம் ஊரிலும் இந்த விவாதத்துக்கு நல்ல வரலாறு உண்டு. 1955 ஜனவரியில் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில்தான் ‘சோஷலிச பாணிச் சமுதாயம்’ என்ற தீர்மானம் நிறைவேறியது. அது பிடிக்காமல் ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார், பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்ஜியம் என்று அவர் வைத்த பெயரை இன்றைக்கும் சொல்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே, 1957-ல், நாட்டுக்கு முதன்முதலாகச் செல்வ வரியைக் கொண்டுவந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவரே சென்னையில் பெரிய வியாபார நிறுவனத்தைத் தொடங்கி வளர்த்தவர். என்னைக் கேட்டால், யார் எதை எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை டில்லியில் ஒரு அதிகாரி தீர்மானிக்கக் கூடாது என்பதில் ராஜாஜி சொன்னது சரி. ஆனால் பள்ளியும் வைத்தியமும் கையில் காசு உள்ளவனுக்கு மட்டும் கிடைக்கிற பொருளாக இருக்கக் கூடாது என்பதில் ஆவடிக்காரர்கள் சரி. இரண்டையும் ஒரே மனிதர் நம்பலாம், நான் நம்புகிறேன். பட்டிமன்ற நடுவர் இதற்கு மார்க் போடுவாரா என்பது வேறு விஷயம்.

1973-ல் நான் வங்கியில் சேர்ந்தபோது உச்ச வருமான வரி 97.75 சதவீதம். எல்லோரும் கறுப்புப் பணத்தில்தான் வாழ்ந்தார்கள். அந்தக் காலத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறீர்களா?
– ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, கும்பகோணம்

இல்லை ஐயா. நீங்கள் சொல்லும் கணக்கு சரியானது. 1973-74-ல் 2 லட்சம் ரூபாய்க்கு மேலான வருமானத்துக்கு 85 சதவீதம், அந்த வரித் தொகையின் மேல் 15 சதவீத சர்சார்ஜ், அதாவது வரிக்கு மேல் வரி, ஆக 97.75. நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் இரண்டேகால் ரூபாய்தான் மிஞ்சும், அதற்கு மேல் செல்வ வரி வேறு. இப்படி ஒரு சட்டம் போட்டால் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள். 1971-லேயே அரசு அமைத்த வாஞ்சு கமிட்டி, வரியை இவ்வளவு உயரத்தில் வைத்திருப்பதுதான் ஏய்ப்புக்குக் காரணம், 75-க்கு இறக்குங்கள் என்று சொல்லியிருந்தது. 1974 பட்ஜெட்டில் 77-க்கு இறக்கினார்கள்.

நான் 1981-ல் மதுரையில் ஒரு ஆடிட்டரிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். எஸ்டேட் டூட்டி என்கிற வரி அப்போது நடப்பில் இருந்தது, 1953-ல் வந்தது, ஒருவர் இறந்தபின் அவர் விட்டுப் போன சொத்தின் மேல் விழும் வரி. உச்ச விகிதம் 85 சதவீதம். அந்த ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். பெரிய குடும்பத்து ஃபைலைத் திறந்தால், கிழவர் சாவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எல்லாம் பிரிந்து போயிருக்கும், கூட்டுக் குடும்பப் பங்கு என்று கொஞ்சம், டிரஸ்ட் என்று கொஞ்சம், மருமகன் பெயரில் கொஞ்சம், காகிதத்தில் பெரியவர் கிட்டத்தட்ட ஏழை. ஆனால் ஒரு முறை ஒரு பள்ளி ஆசிரியரின் மனைவி வந்தார். கணவர் கட்டிய ஒரு வீடு, தபால் ஆபீஸ் சேமிப்பு, கொஞ்சம் நகை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதிக் கொண்டுவந்திருந்தார், பித்தளைப் பாத்திரம் வரைக்கும். வரி அவ்வளவாக வரவில்லை, ஆனால் அனுமதிச் சான்றிதழ் கைக்கு வர இரண்டு வருடம் ஆனது, அதுவரை அவரால் அந்தச் சேமிப்பைத் தொட முடியவில்லை. அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. 1985 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் வி.பி. சிங் அந்த வரியை எடுத்தபோது, வருடத்துக்கு 20 கோடி போல்தான் வருகிறது, வசூல் செலவோ அதிகம் என்று காரணம் சொன்னார். எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு செல்வ வரியின் கதையையும் கிட்ட இருந்து பார்த்தேன். வரிச் சீர்திருத்தத்துக்காக 1991-ல் அமைந்த ராஜா செல்லையா கமிட்டி, உற்பத்திக்குப் பயன்படும் சொத்தை இந்த வரியிலிருந்து விட்டுவிடலாம் என்றது, அதன்படி 1993-லிருந்து கம்பெனிப் பங்குகளும் டெபாசிட்டுகளும் வெளியே போயின. மிஞ்சியது என்ன? இரண்டாவது வீடு, நகை, கார், நகரத்துக் காலி மனை. கடைசிக் காலத்தில் 30 லட்சத்துக்கு மேல் 1 சதவீதம். அதாவது, பல ஆயிரம் கோடிக்குப் பங்கு வைத்திருக்கும் தொழிலதிபர் அந்தப் பங்குகளுக்குச் செல்வ வரி கட்ட வேண்டாம், அண்ணா நகரில் இரண்டாவது ஃபிளாட்டும் லாக்கரில் நகையும் வைத்திருக்கும் டாக்டர் கட்ட வேண்டும். 2013-14-ல் நாடு முழுவதும் வசூலான தொகை 1,008 கோடி. 2015 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதையும் எடுத்துவிட்டு, 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ் போட்டார், அதில் 9,000 கோடி வரும் என்றார்.

பணக்காரர் மீது வரி போட்டுப் பார்த்தோம், காசு வரவில்லை என்று இந்த இரண்டு கதைகளையும் காட்டிச் சொல்கிறார்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்கவில்லை என்பதற்காகக் கிணறு வற்றிவிட்டது என்று சொல்வதா? விகிதம் தாங்க முடியாத உயரத்தில், வரம்பு ஆசிரியர் வீட்டையும் தொடும் அளவுக்குக் கீழே, விலக்கு பெரிய ஆளுக்கு மட்டும் பயன்படுகிற மாதிரி. மூன்றையும் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். விகிதம் குறைவு, வரம்பு மிக உயரம், விலக்கு அநேகமாக இல்லை. நான் கேட்பது அவ்வளவுதான்.

நகராட்சிக்கு வருடா வருடம் சொத்து வரி கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம். மறுபடியும் சொத்துக்கு வரியா?
– வாசகி, கரூர்

அது வேறு அம்மா. நீங்கள் கட்டுவது வீட்டு வரி, கட்டடத்தைப் பார்த்துப் போடுவது, வீட்டின் மேல் கடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே தொகை. நான் சொல்வது ஒருவரின் மொத்தச் சொத்திலிருந்து கடனைக் கழித்த பிறகு மிஞ்சும் செல்வத்தின் மேலான வரி. குழப்பத்துக்கு எங்களைப் போன்ற எழுதுகிறவர்களும் காரணம், இரண்டையும் ‘சொத்து வரி’ என்றே எழுதிவிடுகிறோம்.

சம்பளத்தில் பிடித்துக்கொள்வதால் நான் ஒழுங்காக வரி கட்டுகிறேன். ஏழைகள் கட்டுவதில்லை, பணக்காரர்கள் தப்பிக்கிறார்கள். நடுவில் நாங்கள் மட்டும் இளிச்சவாயர்களா சார்?
– மென்பொருள் ஊழியர், சென்னை

உங்கள் கோபத்தில் பாதி நியாயம், பாதி தவறு. தவறான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழைகள் வரி கட்டுவதில்லை என்பது உண்மையே அல்ல. உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்குச் சிமென்ட் சுமக்கும் தொழிலாளி 299 ரூபாய்க்கு மொபைல் ரீசார்ஜ் செய்தால், 18 சதவீத ஜி.எஸ்.டி. கணக்கில் அதில் 45 ரூபாய்க்கு மேல் வரி. அந்தக் கட்டடத்தின் முதலாளி அதே ரீசார்ஜ் செய்தாலும் அதே 45 ரூபாய். முதலாளிக்கு அது கண்ணில் படாது, தொழிலாளிக்கு ஒரு வேளைச் சாப்பாடு. வருமான வரி கட்டுகிறவர்கள் மட்டும்தான் ‘வரி கட்டுவோர்’ என்று பேசும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

இப்போது நியாயமான பாதி. 50 லட்சம் சம்பளம் வாங்குகிற ஒருவர் இன்றைய புதிய வருமான வரி முறையில் சுமார் 11 லட்சம் வரி கட்டுவார். வேறு வருமானம் இல்லாத ஒருவர், ஒரு வருடத்துக்கு மேல் கையில் வைத்திருந்த பங்குகளை விற்று அதே 50 லட்சம் லாபம் பார்த்தால், 12.5 சதவீதக் கணக்கில் 6 லட்சத்தைக்கூடத் தொட மாட்டார். விற்காமலே வைத்திருந்தால் எவ்வளவு ஏறினாலும் வரி இல்லை, பணம் தேவைப்பட்டால் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கலாம், கடன் வருமானம் ஆகாது. இதெல்லாம் ஏய்ப்பு இல்லை, முழுக்க முழுக்கச் சட்டப்படிதான். உழைத்து வரும் காசுக்கு ஒரு விகிதம், உட்கார்ந்த இடத்தில் வளரும் காசுக்கு அதில் பாதி. ஒரு நியாயமும் பதிலுக்குச் சொல்ல வேண்டும். டிவிடெண்டுக்கு 2020-லிருந்து பங்குதாரர் கையிலேயே அவரவர் விகிதப்படி வரி, அது நல்ல மாற்றம்.

அப்புறம் 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரியை 30-லிருந்து 22-க்கு இறக்கினார்களே, புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 என்று, அதனால் அரசுக்கு வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி குறையும் என்று அரசே சொன்னது. ஏழைக்கு இலவசம் கொடுத்தால் ‘யார் அப்பன் வீட்டுக் காசு’ என்று கேட்கிறவர்கள் அந்தத் தொகைக்கு இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அறுபது பேருக்கு வேலை கொடுக்கும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். என் சொத்து எல்லாம் மெஷினிலும் ஷெட்டிலும் இருக்கிறது, கையில் பணமாக இல்லை. நான் போன பிறகு வரி கட்ட என் மகன் தையல் மெஷினை விற்க வேண்டுமா?
– தொழில்முனைவோர், திருப்பூர்

வந்த கடிதங்களிலேயே என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான் அண்ணா. உங்கள் பயம் சரியான பயம். சொத்து இருக்கும், ரொக்கம் இருக்காது. ஆர்டர் தள்ளிப்போகும் மாதத்தில் சம்பளம் போடவே கடன் வாங்குகிற தொழில் அது. உங்கள் மாதிரி ஆளைத் தொடும் வாரிசு வரி வந்தால் நானே எதிர்ப்பேன். வரம்பு என்று நான் நினைப்பது சில கோடிகள் இல்லை, நூறு கோடி மாதிரி ஒரு உயரம். அதற்குக் கீழே விசாரணை இல்லை, சான்றிதழ் இல்லை, ஃபைல் இல்லை.

அந்த உயரத்துக்கு மேலே இருப்பவருக்கும் ரொக்கப் பிரச்சினை வரும்தான். அதற்குத் தென் கொரியாவைப் பாருங்கள். சாம்சங் குழுமத் தலைவர் லீ குன்-ஹீ 2020 அக்டோபரில் இறந்தார். குடும்பத்தின் மேல் விழுந்த வாரிசு வரி 12 டிரில்லியன் வொன்னுக்கும் (கொரிய நாணயம்) மேல், அதாவது பல்லாயிரம் கோடி ரூபாய். ஐந்து வருடத் தவணையில் கட்டுவதாக 2021 ஏப்ரலில் அறிவித்தார்கள். கடன் வாங்கினார்கள், கொஞ்சம் பங்குகளை விற்றார்கள், அவர் சேர்த்து வைத்திருந்த சுமார் 23,000 கலைப்பொருட்களை நாட்டின் அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தார்கள். சாம்சங் மூடப்படவில்லை, நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலை உட்பட எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மகன்தான் இன்றும் தலைவர். கொரியாவிலும் இந்த வரி மிக அதிகம், குறையுங்கள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த 50 சதவீதம் எனக்கும் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் தவணை கொடுத்தால் தொழில் சாகாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. நீங்கள் ஆரம்பித்தபோது எத்தனை மெஷின்? உங்களுக்குப் பிறகு வந்து, நாலு மெஷினோடு ஆரம்பிக்க நினைக்கும் ஒரு இளைஞன், மூன்று தலைமுறைச் சொத்தோடு களத்துக்கு வருகிறவனோடு எப்படிப் போட்டி போடுவான்? போட்டிதான் முதலாளித்துவத்தின் உயிர் என்கிறோம். ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் பிறந்ததாலேயே பாதி தூரத்தில் நிற்கிறான் என்றால் அது போட்டியே இல்லை.

வரி போட்டால் பணக்காரர்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுவார்கள். பிறகு யாரிடம் வசூலிப்பீர்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

சிலர் போவார்கள். மறுக்க மாட்டேன். துபாயில் தனிநபர் வருமான வரி இல்லை, சிங்கப்பூர் எஸ்டேட் டூட்டியை 2008-ல் எடுத்துவிட்டது. நார்வே 2022-ல் செல்வ வரியை 1.1 சதவீதமாக ஏற்றியபோது பல கோடீஸ்வரர்கள் சுவிட்சர்லாந்துக்குக் குடிபோனார்கள். ஆனால் அந்த சுவிட்சர்லாந்திலேயே எல்லா மாநிலங்களிலும் செல்வ வரி உண்டு, பல தலைமுறைகளாக உண்டு, விகிதம் குறைவு, பெரிய விலக்குகள் இல்லை, சத்தமில்லாமல் வசூலாகிறது. மனிதர் விமானம் ஏறலாம், ஆலையும் நிலமும் துறைமுகமும் இந்தியச் சந்தையில் பட்டியலிட்ட பங்கும் ஏறாது. போகிற நாளில் அதுவரை வளர்ந்த லாபத்துக்குக் கணக்கு முடித்துவிட்டுப் போ என்று சொல்லும் வெளியேற்ற வரியும் பல நாடுகளில் இருக்கிறது.

எல்லா நாடும் சேர்ந்து செய்தால் ஓடவே இடமில்லை என்பதுதான் பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் கேப்ரியேல் சுக்மன் 2024-ல் ஜி-20 நாடுகளிடம் சொன்னது. உலகத்தில் இருக்கும் சுமார் 3,000 பில்லியனர்கள், அதாவது நூறு கோடி டாலருக்கு மேல் சொத்து உள்ளவர்கள், வருடத்துக்குத் தங்கள் செல்வத்தில் குறைந்தது 2 சதவீதம் கட்டட்டும், 200-லிருந்து 250 பில்லியன் டாலர் வரும் என்பது அவர் கணக்கு. அவர் நாட்டிலேயே 2025 பிப்ரவரியில் கீழவை இதே மாதிரி ஒரு வரியை ஏற்றது, ஜூனில் மேலவை தள்ளிவிட்டது. உடனே நடக்கிற காரியமில்லை. ஆனால் இந்தியாவில் 2022-23-ல் மொத்தச் செல்வத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருந்தது என்று உலக சமத்துவமின்மை ஆய்வகத்தின் 2024 ஆய்வு சொல்லும்போது, இது நடக்காத காரியம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

எங்கள் நாட்டில் வரியைக் குறைத்துத்தான் நாடு விழுந்தது என்கிறார்கள். இப்போது எதை வாங்கினாலும் வற் வரி. இது என்ன நீதி?
– ஆசிரியை, மட்டக்களப்பு

நீதி இல்லைதான். இலங்கையில் 2019 டிசம்பரில் வற் வரியை (இங்கே நாம் வாட் என்பது) 15-லிருந்து 8 சதவீதமாக இறக்கினார்கள், வருமான வரியிலும் கம்பெனி வரியிலும் பெரிய சலுகை. பிறகு கொரோனா, சுற்றுலா நின்றது, ரசாயன உரத்துக்குத் தடை, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிப்பு. வரிக் குறைப்பு மட்டும் காரணமில்லை, ஆனால் அரசின் பெட்டியில் ஓட்டை போட்டதில் அதற்குப் பெரிய பங்கு. சலுகையில் பெரும்பகுதி மேலே போனது, சரிக்கட்டும் நேரத்தில் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற், அது பால்மாவுக்கும் பள்ளிப் பைக்கும் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற உங்கள் தலையில். மேலே கேட்கக் கூச்சப்படுகிற அரசு கீழேதான் கேட்கும். இந்தியாவுக்கு 1956-ல் செல்வ வரி யோசனை சொன்ன பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோர் 1958-ல் இலங்கைக்கும் வந்து இதையே சொன்னார்.

மகளிர் குழுவில் இருக்கிறேன். பணக்காரரிடம் வரி வாங்கினால் அது எங்கள் ஊருக்கு வருமா, டில்லியிலேயே நின்றுவிடுமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

இன்றைய சட்டப்படி, பெரும்பாலும் டில்லியிலேயே நின்றுவிடும் தாயி. இதைப் பலரும் கவனிப்பதில்லை. வருமான வரி வசூலில் மாநிலங்களுக்கு ஒரு பங்கு உண்டு, எவ்வளவு என்று நிதிக் குழு சொல்லும். ஆனால் சர்சார்ஜும், ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கும் செஸ்ஸும் அந்தப் பங்கீட்டுக்குள் வராது, முழுக்க மத்திய அரசுக்கு. பணக்காரர் மீது கூடுதலாகப் போடுவதோ பெரும்பாலும் சர்சார்ஜாகத்தான். 2015-ல் செல்வ வரியை எடுத்துவிட்டுப் போட்டதும் சர்சார்ஜ்தான். ஆக, உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் சம்பளமோ, பள்ளிக்கூடத்துக் காலை உணவோ மாநில அரசு கொடுக்க வேண்டும், பெரும் பணக்காரரிடம் வாங்கும் கூடுதல் காசு மட்டும் மாநிலத்துக்கு வராது. 

அதனால் உங்கள் தொகுதியில் ஓட்டுக் கேட்க வருகிறவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், இரண்டு கேள்வி கேளுங்கள். பெரிய சொத்துக்கு வரி போட நீங்கள் கை தூக்குவீர்களா? போட்டால் அதை மாநிலத்தோடு பங்கிடும் வரியாகப் போடுவீர்களா, சர்சார்ஜாகப் போடுவீர்களா? என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், இந்தப் பகுதியிலேயே போடுகிறேன்.